பெயர் மறைத்த குப்பி

கானா ஊர்த் திருமணத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறேன். அன்னை மரியாவின் பரிந்துரையையும், ஆறு கற்சாடிகளையும், தண்ணீர் திராட்சை இரசமான விந்தையையும் பேசாதவர் இல்லை. ஆனால், அந்நிகழ்ச்சியில் வரும் பந்தி மேற்பார்வையாளரைப் பற்றி எவரும் விரிவாகப் பேசி நான் கேட்டதில்லை. அவரை எனக்கு முதன்முதலாக அறிமுகம் செய்துவைத்தவன் என் தங்கையின் மகன். அவன் மறையுரையாளன் அல்லன். உணவக மேலாண்மை படித்துவிட்டுப் பிரான்சு நாட்டில் பணிபுரிபவன்.

ஒரு கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் வந்திருந்தவன், திராட்சை இரசப் போட்டிகளில் ஊற்றிக் கொடுக்கும் ஊழியனாகத் தான் செல்வதுண்டு என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. "குடித்துப் பார்த்து மதிப்பெண் போடுவதும் ஒரு வேலையா?" என்று கேட்டேன்.

"குடித்தால் போயிற்று மாமா! ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது வகைகளைச் சுவைக்க வேண்டும். நாவில் படரவிட்டுத் துப்பிவிடுவார்கள். அதற்கென்றே பக்கத்தில் ஒரு பாத்திரம் இருக்கும்" என்றான். பிறகு அந்த அறையை என் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினான்.

நிறம் தெளிவாகத் தெரிய வெள்ளை விரிப்பு. எல்லாருக்கும் ஒரே அளவான, வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணங்கள். மணம் சிதறாமல் மூக்கில் சேர்வதற்காக அந்த வடிவம். எல்லாக் கிண்ணங்களிலும் ஒரே அளவு, ஒரே குளிர்ச்சி. நறுமணத் தைலம் பூசிக்கொண்டு எவரும் உள்ளே வரலாகாது. ஒரே இனத்துத் திராட்சையில் ஒரே ஆண்டில் செய்தவற்றை ஒரு வரிசையாக வைப்பர். இனிப்பில்லாதவை முதலில், இனிப்பானவை கடைசியில். இனிப்பை முதலில் சுவைத்த நாவுக்கு அடுத்தது புளிக்கும் அல்லவா? நாவைத் துடைக்க ரொட்டித் துண்டும் தண்ணீரும் உண்டு. தக்கையின் கேட்டால் ஒரு குப்பியில் நனைந்த அட்டையின் வாடை அடித்தால், அந்த இரசத்தின் மற்றொரு குப்பியைத் திறப்பர். தக்கையின் குற்றத்துக்கு இரசத்தைத் தண்டிப்பதில்லை. மதிப்பெண்ணை எழுதி முடிக்கும் வரை நடுவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் புருவத்தை உயர்த்தினாலே நம் கை தயங்கும் என்பது அவர்கள் பட்டறிந்த உண்மை. பதக்கங்களை வாரி இறைப்பதும் இல்லை. பன்னாட்டுத் திராட்சை மற்றும் இரச அமைப்பின் ஆதரவில் நடக்கும் போட்டிகளில், கலந்துகொள்ளும் இரசங்களுள் நூற்றுக்கு 30க்கு மேல் பதக்கம் பெறக்கூடாது என்பது விதி.

"எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு, மாமா. குப்பியை உறைக்குள் மறைத்துவிடுவோம். அல்லது வேறோர் இடத்தில் ஊற்றிக் கிண்ணத்தை மட்டும் கொண்டுவருவோம். நடுவர் முன் இருப்பது ஓர் எண். எந்தத் தோட்டம், என்ன விலை என்பதெல்லாம் பின்னறையில் இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். சுவைப்பவருக்குத் தெரியாது. கானாவில் நடந்ததும் அதுதானே?"

அன்றிரவு யோவான் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். அவன் சொன்னது சரி. அந்த இரசம் எங்கிருந்து வந்தது என்று மேற்பார்வையாளர் அறியார். தண்ணீர் மொண்ட பணியாளர்களோ அறிவார்கள். அறியாதவர் என்பதாலேயே அவருடைய பாராட்டு சான்றாக நிற்கிறது. அற்புதம் என்று முன்னரே சொல்லிக் கொடுத்திருந்தால், அவர் புகழ்ந்தது இரசத்தையா, அற்புதம் செய்தவரையா என்ற ஐயம் எழுந்திருக்கும்.

பெயரை மறைத்தால் என்னென்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு புகழ்பெற்ற நாள் உண்டு. 1976ஆம் ஆண்டு மே 24. பாரிசில் இரச வணிகம் நடத்திவந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், பிரான்சின் சிறந்த இரசங்களோடு கலிபோர்னியாவின் இரசங்களையும் சேர்த்து, பெயர் காட்டாமல் சுவைக்கச் செய்தார். மதிப்பெண் கணக்கில் சேர்ந்த நடுவர்கள் ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள், அத்துறையில் தேர்ந்தவர்கள். அவர்களுள் ஒருவர் கலிபோர்னிய இரசம் ஒன்றைச் சுவைத்துவிட்டு, பிரான்சுக்கே திரும்பி வந்துவிட்டோம் என்று மகிழ்ந்தாராம். முடிவில் வெள்ளை இரசத்தில் ஷாட்டோ மாண்டலீனாவும், சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப்பும் முதலிடம் பெற்றன. இரண்டும் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கைச் சேர்ந்த 1973ஆம் ஆண்டு இரசங்கள். நடுவர் ஒருவர் தம் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டதாகவும் கூறுவர். அத்தாள் அவர் கைப்பட எழுதியது. அவர் நாவு சொன்னது. ஆயினும் பெயர் தெரிந்தவுடன் அது அவருக்கே அந்நியமாகிவிட்டது!

அந்த நாளிலும் ஒரு குறை இருந்தது. சிவப்பு இரசங்களைச் சுவைப்பதற்கு முன்பே வெள்ளையின் முடிவை ஸ்பரியர் அறிவித்துவிட்டார். கலிபோர்னியா வென்றதை அறிந்த மனத்தோடுதான் நடுவர்கள் அடுத்த வரிசைக்குச் சென்றார்கள். உறை குப்பியின் மேல் இருந்தாலும், மனத்தின் உறை கிழிந்துவிட்டது.

பெயர் கூட வேண்டாம், நிறமே நம்மை ஏமாற்றப் போதும். போர்தோ நகரில் இரச இயல் பயிலும் மாணவர் 54 பேரிடம், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை இரசத்தைக் கொடுத்து அதன் மணத்தை விவரிக்கச் சொன்னார்கள். சிவப்பு இரசத்துக்கே உரிய சொற்களால் அதை அவர்கள் விவரித்தார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு இது. அம்மாணவர்கள் பொய் சொல்லவில்லை. கண் சொன்னதை மூக்கு உண்மையாகவே நம்பிவிட்டது.

இவ்விடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1986ஆம் ஆண்டு. எங்கள் பங்கின் திருவிழாவை ஒட்டி நடந்த கட்டுரைப் போட்டிக்கு நானே தனி நடுவன். முதற்பரிசு பெறுபவருக்கு அடுத்த இரண்டு ஆண்டுப் படிப்புச் செலவைப் பங்கு ஏற்கும். இறுதியில் இரண்டு கட்டுரைகள் என் மேசையில் நின்றன. ஒன்றின் கையெழுத்து எனக்குப் பழக்கமானது. ஊரில் மதிப்புள்ள குடும்பத்துப் பையன், என் மாணவன். மற்றொன்று பீடி சுற்றும் தாய் ஒருவரின் மகள் எழுதியது. பையனுக்கு முதற்பரிசு தந்தேன். அநீதி செய்கிறோம் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல உறக்கம் வந்தது.

பல ஆண்டுகளுக்குப் பின் பழைய பெட்டியில் அவ்விரு தாள்களும் அகப்பட்டன. அந்தப் பெண்ணின் தாளில் ஒன்பது எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன். பையனின் தாளிலும் அதே வகைப் பிழைகள் இருந்தன. அங்கே ஒரு வட்டமும் இல்லை. அவன் பிழை எனக்கு அவசரமாகப் பட்டது. அவள் பிழை அறியாமையாகப் பட்டது. நான் திருத்தியது எழுத்தை அன்று, எழுதியவரை. அந்தப் பெண் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள் என்பதை அறிவேன். அந்தப் பரிசு கிடைத்திருந்தால் மேலே படித்திருப்பாளா என்று என்னால் சொல்ல இயலாது. சொல்ல இயலாததுதான் இன்றளவும் என்னை வருத்துகிறது.

சரி, பெயரை மறைத்துவிட்டால் நீதி நிலைத்துவிடுமா? அப்படித்தான் நானும் நம்பினேன். என் மருமகன் சொன்ன மற்றொரு செய்தி அந்த நம்பிக்கையையும் அசைத்தது.

கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற கடலியல் பேராசிரியர் சிறிய இரச ஆலை ஒன்றை நடத்திவந்தார். அவருடைய இரசம் ஒரு போட்டியில் தங்கம் பெறும். அதே இரசம் மற்றொன்றில் ஒன்றும் பெறாது. காரணம் அறிய விரும்பிய அவர், சாக்ரமெண்டோவில் நடக்கும் மாநிலக் கண்காட்சிப் போட்டியின் அமைப்பாளர்களை அணுகினார். 2005 முதல் 2008 வரை, நடுவர் அறியாமல், ஒரே குப்பியின் இரசத்தை ஒரே வரிசையில் மூன்று கிண்ணங்களில் வைத்தார்கள். தன் மதிப்பெண்ணோடு தானே ஒத்துப்போன நடுவர், ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். ஒரு கிண்ணத்துக்கு 90 கொடுத்தவர், அதே இரசத்துக்கு மறுமுறை 86 கொடுத்தார். அல்லது 94 கொடுத்தார். ஓர் ஆண்டில் உறுதியாக நின்றவர் அடுத்த ஆண்டில் தடுமாறினார்.

இதைக் கேட்டுச் சிலர் நகைப்பார்கள். எனக்கோ அந்த அமைப்பாளர்கள்மேல் மதிப்பே மிகுந்தது. தங்கள் தராசைத் தாங்களே சோதிக்க இடம் கொடுத்தார்கள். கண்ட குறையை 2008இல் ஆய்விதழில் வெளியிடவும் தடை செய்யவில்லை. பட்டம் சூட்டும் இடத்தில் அமர்ந்திருப்பவர்களுள் எத்தனை பேர் இதற்கு உடன்படுவார்கள்? ஒருவர் நாவு ஒரு நாளில் சொன்னது போதாது, பலர் நாவு தனித்தனியே சொல்ல வேண்டும் என்பதே அச்சோதனையிலிருந்து நான் கற்ற பாடம்.

சென்ற ஆண்டு திருவிழாவுக்கு மீண்டும் என்னையே நடுவனாக அழைத்தார்கள். கட்டுரைகளைக் கணினியில் தட்டச்சு செய்து, பெயரும் பள்ளியும் நீக்கி, எண்ணிட்டுத் தரும்படி கேட்டேன். இருபத்திரண்டு கட்டுரைகள். மதிப்பெண் பட்டியலை உறையிலிட்டு ஒட்டி, என் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, தாள்களைக் கலைத்து அடுக்கி, மீண்டும் திருத்தினேன். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்தபோது என் கை நடுங்கியது. முதல்முறை இருபதுக்கு 17 பெற்று முதலிடத்தில் இருந்த கட்டுரை, இரண்டாம் முறை 14 பெற்று ஐந்தாம் இடத்தில் இருந்தது. இம்முறை பெயரும் இல்லை, குடும்பமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நான் மட்டுமே இருந்தேன்.

இரண்டு பட்டியல்களையும் பங்குத்தந்தையிடம் காட்டி, "சுவாமி, என் ஒருவன் தீர்ப்பு போதாது" என்றேன்.

"முப்பத்தாறு ஆண்டு ஆசிரியராக இருந்த உங்களுக்கே இந்த ஐயமா?" என்று கேட்டார்.

"முப்பத்தாறு ஆண்டும் ஐயமே இல்லாமல் இருந்ததுதான் சுவாமி, என் குறை" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவரையும், கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவரையும் நடுவர்களாகச் சேர்த்தார். மூவரும் தனித்தனியே திருத்தினோம்; ஒருவர் பட்டியலை மற்றவர் பார்க்கவில்லை. எண்களுக்குரிய பெயர்கள் அடங்கிய தாள் பங்கு அலுவலகத்துப் பணியாளரிடமே இருந்தது. முதற்பரிசு யாருக்கு என்பதைப் பரிசளிப்பு மேடையில் பெயர் படிக்கப்பட்டபோதுதான், கூட்டத்தோடு கூட்டமாக, நானும் அறிந்துகொண்டேன்.