டேப்பெட் பொருத்தம்

பழைய புல்லட்டின் 'டிக் டிக்'கை ரசிக்கிறவர்கள் ஒரு ரகம். அதைக் கேட்டுத் தூக்கம் தொலைப்பவர்கள் இன்னொரு ரகம். தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் (தனி மாவட்டமாக இருக்கிறதே, அது இல்லை, இது திருநெல்வேலி ரோட்டில் வருவது) இருக்கும் என் நண்பர் இரண்டாவது ரகம். அவரிடம் இருப்பது அப்பா விட்டுப்போன இரும்பு என்ஜின் புல்லட். 2008-ல் வரத் தொடங்கிய யூ.சி.இ. என்ஜினில் ஹைட்ராலிக் டேப்பெட், சத்தம் குறைச்சல். அந்த டேப்பெட்டையும் கேமையும் கழற்றி இதில் போட்டால் என்ன என்று ஆசை.

மெக்கானிக், விசைப்படகு என்ஜின்களோடு கிடந்து பழகியவர். "சேராது அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான்.

ஏன் சேராது? கேம் என்பது முட்டை வடிவில் ஒரு பக்கம் புடைத்துச் சுழலும் இரும்பு. அதன் மேல் உட்கார்ந்து எழும்பி, வால்வைத் திறக்க வைப்பது டேப்பெட். சாதா டேப்பெட் என்றால் சூட்டில் இரும்பு நீள்வதற்காகத் துளி இடைவெளி விடவேண்டும். அந்த இடைவெளியை அடிக்காமல் மெள்ள மூடுவதற்கென்றே கேமில் ஒரு சின்ன ஏற்றம் வைத்திருப்பார்கள். ஹைட்ராலிக்கில் உள்ளே எண்ணெய் நிரம்பி இடைவெளியைத் தானே அடைத்துவிடும். அதன் கேமில் அந்த ஏற்றம் கொஞ்சம்தான். அதன்மேல் சாதா டேப்பெட்டைப் போட்டால் சுத்தியலடி. சரி, இரண்டையும் சேர்த்தே மாற்றலாமே என்பீர்கள். பழைய புல்லட்டில் டேப்பெட்டுக்கு அழுத்தத்தோடு எண்ணெய் போக வழியே கிடையாது.

ரோலர் டேப்பெட் இன்னும் வம்பு. தட்டை டேப்பெட் பல என்ஜின்களில் சுழன்றுகொண்டே ஏறி இறங்கும், ஒரே இடம் தேயாமலிருக்க. அடிப்பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத குவிவு, கேமில் அதே போல ஒரு சாய்வு. ரோலரோ திரும்பவே கூடாது, நேராக உருளவேண்டும். கேமின் உலோகமும் வேறு. அமெரிக்காவின் ஷெவர்லே வி-8 1987-ல் ரோலருக்கு மாறியபோது கேமையும் சேர்த்தே மாற்றினார்கள். ஜோடி மாறினால் கேம் சுரண்டப்பட்டு, இரும்புத்தூள் எண்ணெயோடு பேரிங் வரை போகும்.

"புல்லட்டுன்னா தள்ளிட்டு வந்துருவிய. நடுக்கடல்ல?" என்றார் மெக்கானிக். அப்படி நின்ற படகுகளைப் பார்த்தவர் கேட்கிற கேள்வி.

என்ஜின் ஆறியிருந்தது. பக்கவாட்டு மூடியைத் திறந்து, பிஸ்டனை மேலே நிறுத்தி, புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்த்தார். சுழலவேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இரண்டு ஸ்பானர், பத்து நிமிஷம். சத்தம் பாதியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது நண்பரின் அம்மா எட்டிப்பார்த்து, "வண்டிய மாத்திட்டியாலே?" என்றார்.