சாரலும் பள்ளித் தோட்டமும்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிக் காற்றுக்கு அலாதி உற்சாகம் வந்துவிடுகிறது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நிற்பவர்கள் அங்கவஸ்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அங்கிருந்து மூன்றரை மைலில் குற்றாலம். அருவியில் தலையைக் கொடுக்க வருகிறவர்கள் போகிற வழியில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். விதை என்ன விலை போகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை!

நம் தலையில் விழுந்த நீர் எங்கே போகிறது? சிற்றாறாக ஓடி, அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாய் வழியே குளங்களை நிரப்பி, மிச்சம் சீவலப்பேரியில் தாமிரபரணியை அடைகிறது. அந்த நீரை நம்பித்தான் ஜூன் மாதம் கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவுகிறார்கள். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே மாதந்தான். தமிழ்நாட்டுக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று என்று வகுப்பிலே சொல்லும்போது ஜன்னல் வழியே தென்மேற்குச் சாரல் வந்து புத்தகத்தை நனைக்கிறது. விவசாயம் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு ஏது?

இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் நான் ஆவேசமாகப் பேசி முடித்தேன். பின் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார்.

"மண்வெட்டி பிடிக்க நாங்க வீட்டிலேயே சொல்லித் தருவோமே, ஸார்! அதுக்கா பள்ளிக்கூடம்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைத்தொழில் வழியே கல்வி என்று காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் எடுத்துரைத்தார். ஆனால், அரை நாள் பள்ளி, அரை நாள் வீட்டுத் தொழில் என்று ராஜாஜி 1953-ல் கொண்டுவந்த திட்டத்தைக் 'குலக் கல்வி' என்று நாடே எதிர்த்தது. காமராஜர் முதல் மந்திரியானதும் 1954-ல் அது கைவிடப்பட்டது. உழுகிறவன் பிள்ளை உழத்தான் வேண்டுமா என்ற அச்சம் நியாயமானது. மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் விவசாயம் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், மார்க்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது போதும் என்றுதானே நாம் நினைக்கிறோம்? டாக்டர் வீட்டுப் பையனும் கூலிக்காரர் மகளும் ஒரே பாத்தியில் இறங்கினாலன்றிப் பள்ளித் தோட்டம் என்ற பெயருக்கு அர்த்தமில்லை.

பிரசங்கத்தை அத்துடன் விட்டுவிட்டோம். பாவூர்சத்திரம் சந்தையின் தக்காளி விலையைப் பிள்ளைகள் தினந்தோறும் வாசல் பலகையில் எழுதினார்கள். முதலில் நின்று பார்த்தவர்கள் தகப்பன்மார்கள். பிறகு ஒரு நாள் அந்த அம்மாளே முந்தானையில் முடிந்த வெண்டை விதையுடன் வந்தார். போன போகம் பாதிக் குழி வெறுமையாய்ப் போயிற்றாம். நிலத்தில்தான் தோஷம் என்று வீட்டில் சொன்னார்களாம். பிள்ளைகள் நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தார்கள். ஆறாம் நாள் சாக்கைப் பிரித்தபோது முளைத்திருந்தவை 47.

அம்மாள் நம்பவில்லை. தரையில் உட்கார்ந்து, தம் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.