பழைய கணினி இன்னும் ஓடும்

"பழைய கணினியை விட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்ற ஆலோசனையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். என் அம்மாவிடம் அதைச் சொன்னவர் ஒரு கடைக்காரர். எங்கள் கணினி, அண்ணா விளையாடுவதற்கெனப் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தியது. அதன் முறைவழியாக்கி 2012 இல் வெளிவந்த இன்ரெல் கோர் ஐ5-3470. அண்ணா வெளிநாடு சென்றபின் தங்கை அதில்தான் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறாள். மிஞ்சிய நேரத்தில் நான் விளையாடுகிறேன். புதியது வாங்குவதென்றால் அவளுடைய ரியூசன் காசில்தான் கைவைக்க வேண்டும்.

ஆகவே முதலில் பெட்டியைத் திறந்து தூசியை அகற்றினேன். விசிறி அடைபட்டுச் சூடு ஏறினால் முறைவழியாக்கி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காய்ந்துபோன வெப்பப் பசையையும் மாற்றினேன். இவ்விரண்டுக்கும் பெரிய செலவில்லை.

பின்னர் நீங்களும் செய்யவேண்டிய ஒன்றைச் செய்தேன். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். விளையாட்டு ஓடும்போது அதைப் பாருங்கள். எங்கள் கணினியில் முறைவழியாக்கி பாதி ஓய்வில் இருந்தது. 4 கிகாபைற்று நினைவகம் நிரம்பியிருந்தது. வன்தட்டோ 100 சதவீதத்தில் நின்றது. நினைவகம் போதாதபோது இயக்க முறைமை தரவுகளை வன்தட்டில் தற்காலிகமாக வைத்து எடுக்கின்றது. அத்தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுழல்வதாயின், ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெக்கனுக்குச் சற்று அதிகமாகச் செல்லும். தேவையான தரவு வாசிப்பு முனைக்கு வரும்வரை ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே இல்லை. எனவே பாவித்த 4 கிகாபைற்று நினைவகத் துண்டு ஒன்றும், சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றும் வாங்கினோம். கணினி திறக்கும்வரை தேநீர் குடித்துவிட்டு வரும் வழக்கம் அன்றோடு நின்றது.

நினைவகம் வாங்குமுன் இரண்டைக் கவனியுங்கள். டி.டி.ஆர்.3 வகைத் தாய்ப்பலகையில் டி.டி.ஆர்.4 துண்டு பொருந்தாது. வெட்டு வேறிடத்தில் இருக்கும். 32 பிற்று விண்டோஸ் போட்டிருந்தால் 4 கிகாபைற்றுக்கு மேல் வாங்கியும் பயனில்லை. கணினியின் திகதி அடிக்கடி பின்னோக்கிச் சென்று, இணையத்தளங்களும் திறக்க மறுக்கின்றனவா? தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற சி.ஆர்.2032 மின்கலத்தை மாற்றிப் பாருங்கள். அதைவிட மலிவான திருத்தம் எனக்குத் தெரியாது.

வரைவியல் அட்டையைக் கடைசியாகவே வாங்கினோம். பெரிய அட்டைக்குப் பெரிய மின்வலு வழங்கியும் வேண்டும், செலவு இரட்டிக்கும். தாய்ப்பலகையின் செருகுவாய் 75 வாற்று வரை தரும். 2014 இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. அட்டைக்கு ஏறக்குறைய 60 வாற்று போதும். அதனால் பாவித்த ஒன்றைத் தேடிப் பிடித்தோம். கிரிக்கெட் 2007 விளையாடுபவர்களுக்கு இதுகூடத் தேவையில்லை!

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. விண்டோஸ் 11 இம்முறைவழியாக்கியை ஏற்பதில்லை. ஆகவே தங்கையின் பாடவேலைக்கு லினக்ஸ் மின்ட் நிறுவியுள்ளோம். ஏ.வி.எக்ஸ்.2 என்னும் கட்டளைத் தொகுதி இதில் இல்லாததால் சில புதிய விளையாட்டுகள் தொடங்கவே மாட்டா. அவற்றுக்காக இக்கணினியில் இனி ஒரு ரூபாயும் போடமாட்டேன், நீங்களும் போடாதீர்கள்.