பேர் வைக்கிற வேலை

பதிவு பண்ணின பேச்சை எழுத்தாக்கி, வரிக்கு வரி ஒரு பேர் வைப்பதைத்தான் ஆய்வுக்காரர்கள் கோடிங் என்கிறார்கள். சின்ன வேலை மாதிரித்தான் தெரியும். நமக்கும் நம் தெருவுக்கும் பேர் வைத்தவன் எவன் என்று தெரிந்த நாம் அதைச் சின்ன வேலை என்று சொல்ல முடியுமா?

சில வருசங்களுக்கு முன்பு ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பேச்சு சேகரித்தோம். தலைப்புகளை அவர்களே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தார்கள்: குடிநீர், கூலி, கல்வி. ஒரு அம்மா சொன்னது: “கெணறு நெறையத் தண்ணி கெடக்கும். நாங்க எறங்கப்படாது. அவுக மேலருந்து ஊத்துவாக, நான் கையேந்திக் குடிப்பேன்.” பட்டியல்படி இது ‘குடிநீர்ப் பற்றாக்குறை’. தண்ணியா அங்கே பற்றாக்குறை?

நான் அந்த அம்மா வார்த்தையையே பேராகப் போட்டேன்: ‘ஏந்துறது’. பேசினவர் சொல்லையே தலைப்பாக்குவது ஆய்வு உலகம் ஒத்துக்கொண்ட முறைதான். இன் விவோ கோடிங் என்பார்கள். ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தவர்களைப் பற்றி ஆய்வு செய்த கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற ரெண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1967இல் ஒரு புத்தகம் போட்டார்கள். கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சனங்களிடம் போகாதே. அவர்கள் பேச்சிலிருந்து அது எழும்பட்டும், ஒரு பேச்சை இன்னொன்றோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டே இரு என்பது அதன் சாரம்.

ஒட்டிப் பார்த்தேன். கூலி பற்றிப் பேசின தாத்தா, “துண்ட ஏந்தணும், நெல்ல மேலருந்து போடுவாக” என்றிருந்தார். டீக்கடை பற்றிப் பேசினவர், “செரட்டைய ஏந்தி நிப்போம்” என்றிருந்தார். பட்டியலில் இவை வேறு வேறு கட்டம். சனங்க வாயில் ஒரே வினைச்சொல். தீண்டாமை என்ற வார்த்தையை மூணு பேரும் சொல்லவேயில்லை.

ஒரு வரிக்கு ஒரு பேர்தான் என்ற சட்டமும் கிடையாது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குக் ‘கூலித் தகராறு’ என்று மட்டும் பேர் வைத்தால் சாதி தப்பித்துக்கொள்ளும். ‘சாதிக் கொடுமை’ என்று மட்டும் வைத்தால், கூலியை உயர்த்திக் கேட்ட அந்தச் சனங்களின் போராட்டம் காணாமல் போகும். ரெண்டையும் போடணும்.

இன்னொருத்தரும் தனியாக உட்கார்ந்து பேர் வைக்கணும். வித்தியாசப்படுகிற இடத்தில் சண்டை போடணும். கடைசியில் பேசினவரிடமே வாசித்துக் காட்டணும். அந்த அம்மாவிடம் காட்டினோம். “சரியாத்தான் போட்டிருக்கீக. ஏம் பேத்தி ஏந்த மாட்டா, அதையும் எழுதுங்க” என்றார்.

‘ஏந்த மாட்டா’ என்று புதுத் தலைப்பு ஒன்று சேர்ந்தது.