புள்ளி பெயரின் பொருள் பெயரும்

எழுத்தென்பது ஒலிக்கு மனிதன் அமைத்த உடல். அவ்வுடலின் உறுப்புக்களுட் சில பெரியன. சில மிகச் சிறியன. மெய்யெழுத்தின் தலைமீது நிற்கும் புள்ளி எள்ளினுஞ் சிறியதாயினும், ‘பல்’ என்பதைப் ‘பல’ என்பதினின்றும் பிரித்துக் காட்டும் பெருந்தொழிலைச் செய்கின்றது. இதனை வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லி வந்துள்ளோம். எனினும், இவ்விழா மலரின் தமிழ்ப் பகுதியைப் பார்வையிடும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பெற்ற பின்னரே அதன் முழுக் கனமும் எமக்குப் புலனாயிற்று.

எம் பழைய மாணவரொருவர் எபிரேய எழுத்துமுறையைத் தமிழோடு ஒப்புநோக்கிக் கட்டுரையொன்று அனுப்பியிருந்தார். உயிர்க்குறியிட்ட எபிரேயச் சொற்கள் ஏழு அதில் இருந்தன. கணினித் திரையில் அவை குற்றமின்றித் தோன்றின. அச்சகத்திலிருந்து வந்த புரூவிலோ குறிகள் தத்தம் எழுத்தை விட்டு விலகி, சில அயலெழுத்தின் கீழும் சில வெற்றிடத்திலும் கிடந்தன. அதே புரூவில் தமிழ்ப் பக்கமொன்றிற் கொம்புகள் எழுத்தைப் பிரிந்து, துளிகளாலாகிய வெறும் வட்டங்களைத் தாங்கி நின்றன. காலஞ்சென்ற ஆசிரியர், மாணவர் ஆகியோரின் பெயர்ப்பட்டியல் அமைந்த பக்கம் அது. கட்டுரையிற் பிழை நேரின் பின்னொருகாற் திருத்திக் கொள்ளலாம். மறைந்தவர் பெயரை, அவர்தம் மக்கள் வீட்டிற் பேணி வைக்கப்போகும் மலரிலே சிதைத்து அச்சிடுதல் தகுமோ? ஆதலின் இவ்விடரின் மூலத்தை ஆராய்தல் எம் கடனாயிற்று.

எபிரேய நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 22. அவை யாவும் மெய்களே. வலமிருந்து இடமாக எழுதப்படுவன. தாலெத், பேத், ரேஷ் என்னும் மூன்றெழுத்துக்களையும் சேர்த்துத் ‘தாவார்’ எனப் படிப்பின் ‘சொல்’ என்பது பொருள். ‘தெவெர்’ எனப் படிப்பின் ‘கொள்ளைநோய்’ என்பது பொருள். மறைநூல் ஓதுவோர்க்கு ஐயம் நேராதிருத்தற் பொருட்டு, ஏறக்குறைய கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, கலிலேயாக் கடலோரத்துத் திபேரியா நகரில் வாழ்ந்த மசோரெத்தியர் என்னும் அறிஞர், மூல எழுத்தில் ஒன்றையும் மாற்றாது அவற்றின் கீழும் மேலும் உள்ளும் சிறு குறிகளை இட்டனர். ‘ஷின்’ என்னும் எழுத்தின் வலத்தோளிற் புள்ளி நிற்பின் அது ஷகரம். இடத்தோளில் நிற்பின் ஸகரம். புள்ளி சற்றே பெயரின் எழுத்தே வேறாகின்றது.

எம் முன்னோரும் இவ்விடரை அறிந்தவரே. மெய்க்கும், எகர ஒகரக் குறில்களுக்கும் தொல்காப்பியம் புள்ளி விதித்தது. எழுத்தாணியாற் குத்தின் ஓலை பழுதுறுமென அஞ்சி ஏடெழுதுவோர் பெரும்பாலும் அதனை விடுத்தனர். ‘எரி’யும் ‘ஏரி’யும் ஏட்டில் ஒருவடிவாயின. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் அமைத்து அக்குறையை நீக்கினார். நாவலர் 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தபின் யாழ்ப்பாணத்தில் நம்மவர் அச்சுத்தொழில் வேரூன்றியது. ஈய எழுத்திலே புள்ளியும் மெய்யும் ஒரே வார்ப்பு, ஒன்றையொன்று பிரியா. கணினியோ அவற்றை மீண்டும் பிரித்துவிட்டது. ஒருங்குறியிற் ‘க்’ என்பது ககரம், புள்ளி என இரு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றது. ‘கெ’ என்பதிற் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக இருக்கும். கொம்பை இடப்புறம் கொணர்தல் எழுத்துருவும் மென்பொருளும் கூடிச் செய்யும் வேலை. சேமிப்பது வேறு, காண்பது வேறு என்னும் இவ்வுண்மையே எல்லாப் பிழைக்கும் வாயில்.

எபிரேயச் சொற்களுக்கு நேர்ந்தது இதுவே: கட்டுரைக்குரிய எழுத்துரு அச்சகக் கணினியில் இல்லை. கணினி வேறொன்றைத் தானே தெரிந்து, எழுத்தை ஓர் எழுத்துருவிலும் குறியை மற்றொன்றிலும் எடுத்தது. குறியை எவ்விடத்தில் நிறுத்துவதென்னும் விதியையுடைய எழுத்துருவே இதற்கு வேண்டும். ‘எஸ்ரா எஸ்.ஐ.எல்.’ விவிலிய எபிரேயத்துக்கெனவே ஆக்கப்பட்டது, விலையின்றிக் கிடைப்பது. எழுத்தும் குறியும் அவ்வொன்றிலேயே அமையச் செய்து, எழுத்துருவை உட்பொதித்த பீ.டீ.எவ். கோப்பாக அனுப்பியதும் குறிகள் தம்மிடம் சேர்ந்தன.

ஒரு சொல் மட்டும் இணங்கவில்லை. எருசலேம் நகரின் பெயரில், விவிலிய வழக்கின்படி, ‘லாமெத்’ என்னும் எழுத்தின் கீழ் இரண்டு உயிர்க்குறிகள் அடுத்தடுத்து வரும். ஒருங்குறியின் ஒழுங்குபடுத்தும் விதி அவற்றை முன்பின்னாக மாற்றிவிடும். இரண்டுக்குமிடையே, கண்ணுக்குத் தோன்றாத இணைப்புக்குறியொன்றை இட அதுவும் நேராயிற்று.

தமிழ்ப் பட்டியலின் பிணி வேறு. பழைய பெயர்கள் பாமினி எழுத்துருவிற் தட்டச்சிடப்பட்டவை. அது ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழுருவம் போர்த்தியது. அதிற் ‘தமிழ்’ என்னுஞ் சொல், எழுத்துருவை நீக்கிப் பார்ப்பின், ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்றே கிடக்கும். பாமினியிற் கொம்பை முதலில் இட்டுப் பின் மெய்யை இடுவர். ஒருங்குறியில் அம்முறை தலைகீழ். மாற்றும்போது வரிசையைத் திருப்பாதுவிடின் கொம்பு தாங்குவதற்கு எழுத்தின்றி நிற்கும். அந்நிலையில் மென்பொருள் ஒரு வட்டத்தைத் தானே வரைந்து காட்டும். அவ்வட்டம் கோப்பில் இல்லை. ஆதலால் அதனைத் தேடினும் அகப்படாது.

இதனினும் நுண்ணியதொரு பிழையுண்டு. ‘கௌரி’ என்னும் பெயரைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சிடுவோர் பலர். தாளில் வேறுபாடு தோன்றாது. நாளை மலரின் மின்பிரதியில் ஒரு பேரப்பிள்ளை தன் பாட்டியார் பெயரைத் தேடுங்கால், அப்பெயர் இல்லையென்றே கணினி விடை கூறும்.

ஈற்றில் யாம் கைக்கொண்ட வழி மிகப் பழையது. உயர்தர வகுப்பு மாணவர் இருவரை அழைத்தோம். ஒருவர் கல்லூரிப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை எழுத்தெழுத்தாகப் படிக்க, மற்றவர் திரையை நோக்காது அச்சிட்ட தாளிலே விரல்வைத்துச் சென்றார். மூன்று மாலைகள் கழிந்தன. பெயர்கள் யாவும் செவ்விதாயின. அச்சகத்தாரும் சலியாது நான்கு முறை புரூவ் தந்துதவினர். அவர்க்கு எம் நன்றி உரியது.

மாணவர்காள், கணினியைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஏட்டினின்றும் அச்சுக்கும், அச்சினின்றும் திரைக்கும் எழுத்து இடம்பெயருந்தோறும் சிறு புள்ளிகளே முதலில் இழக்கப்படுகின்றன. அவற்றைக் காத்துக் கொடுத்தோர் திபேரியாவிலும் இருந்தனர். நம் நாட்டிலும் இருந்தனர். நீவிர் எதனை அச்சிட நேரினும், தாளை ஒருமுறை கையிலெடுத்து வாய்விட்டுப் படியுங்கள். ஒருவர் பெயரைப் பிழையற எழுதுதல் அவர்க்கு நாம் செய்யும் முதல் மரியாதை.