சுடுகாட்டு மல்லி

செடி ஒன்று, பெயர் இரண்டு. ஆண்டு முழுதும் ஓயாது பூப்பதைக் கண்டு நித்தியகல்யாணி என்றனர். இடுகாட்டு ஓரத்தில், நீர் வார்ப்பாரின்றி, நிழல் தருவாரின்றி, அப்போதும் பூத்து நிற்பதைக் கண்டு சுடுகாட்டு மல்லி என்றனர். வாழ்த்திய வாயே பழித்தது. இரண்டு பெயருக்கும் காரணமோ ஒன்றேதான்: வறண்ட மண்ணிலும் வாடாத அதன் உயிர்வலிமை! அந்த வலிமையைப் போற்ற வேண்டியவர்கள், அது நிற்கும் இடத்தைப் பார்த்து முகஞ்சுளித்தனர். "வீட்டில் வைக்காதே, ஆகாது" என்றனர்.

அந்த ஆகாத செடியைத்தான் நமது வீட்டுப் புறவாசலில் விதைபோட்டு வளர்த்தோம். வளர்த்தவர் அக்கா, நாம் உடனிருந்தோம், அவ்வளவே.

முதலில் நமது கைக்கு வந்தது வேறு விதை. உதகைக்குச் சென்று திரும்பிய நண்பர், லார்க்ஸ்பர் என்னும் மேனாட்டு மலரின் விதைப் பொட்டலம் ஒன்றைத் தந்தார். வானம்பாடியின் கால்நகம்போல் பூவின் பின்புறம் ஒரு கொம்பு நீண்டிருக்குமாம். அதனால் அந்தப் பெயர். படத்திலே கண்ட நீலம் நெஞ்சை அள்ளியது. ஆயினும் அதை நாம் மண்ணில் இடவில்லை. அந்த விதை முளைக்க 15 பாகை அளவிலான குளிர் வேண்டும். நெல்லையிலோ மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பொதிகையின் தென்றல் புலவர்க்கு இதம். அந்த விதைக்கு அது அனல்! குளிர்நாட்டுப் பயிர் வெப்பநாட்டில் முளைக்காததற்குத் தலையெழுத்து காரணமன்று, தட்பவெப்பம் காரணம். பொட்டலத்தை வகுப்பிலே பிள்ளைகளிடம் காட்டி இதைச் சொன்னோம். அதற்கு அது பயன்பட்டது.

"நம் ஊர் வெயிலுக்கு எது வளரும்?" என்று அக்கா கேட்டார். எழுந்த விடைதான் நித்தியகல்யாணி.

அதுவும் இந்த மண்ணிலே பிறந்ததன்று. மடகாசுகர்த் தீவு அதன் தாயகம். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே அடுக்கிய 99 மலர்களில் இது இல்லை. கப்பலேறி வந்து, தமிழகத்து வெயிலைத் தன் வெயிலாக்கிக்கொண்டது. விதை கடுகினும் சிறியது, கருநிறம். செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து, அகன்ற மண்சட்டியில் நிரப்பி, விதையைத் தூவி, அரை விரற்கடைக்கும் குறைவாக மண் மூடி, அதன்மேல் ஈரச்சாக்கை விரித்தார் அக்கா. சாக்கு எதற்கு? இருட்டுக்கு! ஒளி பட்டால் இந்த விதை சரிவர முளைக்காது. லார்க்ஸ்பரும் அப்படியே. ஒன்று குளிர் கேட்கும், மற்றொன்று வெம்மை கேட்கும். இருட்டை மட்டும் இரண்டுமே கேட்கும். பத்து நாளில் முளை தலைகாட்டியது. அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் தண்டு வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும். ஆறு இலை விட்டபின் ஒரு சாண் இடைவெளியில் நட்டார். நீரை அளந்துதான் ஊற்ற வேண்டும். இந்தச் செடி தாகத்தால் சாவதைவிட, அன்பு மிகுந்து ஊற்றும் நீரால் வேர் அழுகிச் சாவதே மிகுதி.

விதைத்தது ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அடுத்த வீட்டு அத்தை சுவர்மேல் எட்டிப் பார்த்தார். "ஏ தம்பி, நீ நாலெழுத்துப் படிச்ச பிள்ளை. சுடுகாட்டுப் பூவைக் கொண்டாந்து வீட்டுல நடலாமா? அதுவும் ஆடிச் செவ்வாயில? அதுவும்..." என்று நிறுத்திக்கொண்டார். நிறுத்திய இடத்தில் நின்றது என்ன என்பதை அக்கா அறிவார், நாமும் அறிவோம். அத்தான் மறைந்து அப்போது நான்கு ஆண்டு. அக்காவுக்கு வயது 31.

அத்தையிடம் நாம் சினங்கொள்ளவில்லை. சுவரருகே நின்று ஒரு கதை சொன்னோம். கனடா நாட்டில், ஜமைக்காவிலிருந்து வந்த இந்தச் செடியின் இலைகள் ஓர் ஆய்வாளர் கையில் கிடைத்தன. நீரிழிவுக்கு அங்கே அதன் சாற்றைப் பருகுகிறார்களாம். ராபர்ட் நோபிள் சோதித்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, ஆனால் எலிகளின் குருதியில் வெள்ளணுக்கள் குறைந்தன! நம்மூர்ப் பூசாரியாக இருந்தால் தீச்சகுனம் என்று தூக்கி எறிந்திருப்பார். அவரோ, வெள்ளணு பெருகிக் கொல்லும் நோய்க்கு இது பகையாகுமே என எண்ணினார். அவரும் சார்லசு பீரும் 1958இல் வின்பிளாசுடின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதே செடியிலிருந்து பிறந்த வின்கிரிசுடின், 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கும் கூட்டு மருந்துகளில் அது ஒன்று. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். அந்த இலையையும் வேரையும் விளைவித்து அனுப்பிய நிலங்களில் நமது நெல்லைச் சீமையின் மானாவாரிக் காடுகளும் உண்டு. சுடுகாட்டுப் பூ, சுடுகாட்டுக்குப் போகவிருந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறது!

(இதைப் படித்துவிட்டு எவரும் இலையைப் பறித்து மென்றுவிட வேண்டா. செடி நஞ்சு, ஆடுமாடுகளே ஒதுக்கும். மருத்துவர் அளவறிந்து நரம்பில் செலுத்துவது வேறு. நாட்டு வைத்தியம் என்று நாமே அரைத்துக் குடிப்பது வேறு.)

அத்தை கேட்டார். "அது சரிதான்" என்றார். மறுமாதம் அவர் வீட்டுத் திருமணம். பூத்தட்டும் குங்குமச் சிமிழும் ஏந்திய பெண்கள் வரிசையாக வந்தனர். தட்டு அம்மாவிடம் நின்றது. அக்காவைத் தாண்டியது. அடுத்தவரிடம் நின்றது. எவரும் கடுஞ்சொல் பேசவில்லை. சிரித்த முகத்துடனேயே தாண்டினர். சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்துப் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் போர்க்குரல் எழுப்பி நூறாண்டு ஆகிறது. பந்தி ஒன்றாகிவிட்டது, பூத்தட்டு இன்னும் ஆள் பார்த்து நடக்கிறது.

பழந்தமிழர் வாழ்வில் இக்கொடுமை இல்லை என்று சொல்லிப் பெருமைப்பட நமக்கும் ஆசைதான். ஆனால் புறநானூற்றிலேயே கைம்மை நோன்பின் கடுமை பேசப்படுகிறதே! உள்ளதை மறைத்துப் பழம்பெருமை பேசுவது நமக்கு உடன்பாடன்று. சட்டம் எப்போதோ வழிவிட்டுவிட்டது. 1856இலேயே கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது. 1967இல் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணச் சட்டத்தை நிறைவேற்றியது. உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்து, மாலை மாற்றினால் போதும், மணம் செல்லும் என்றது அது. 1975இல் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரால் மறுமண உதவித் திட்டமும் வந்தது. மாலையைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. முழம் பூவைத் தெரு ஏற்க மறுக்கிறது!

திருமண வீட்டிலிருந்து திரும்பியதும் அம்மா அழுதார். அக்கா அழவில்லை. மறுநாள் காலை கடைத்தெருவில் கனகாம்பரம் வாங்கி வந்து, வாசலிலேயே நின்று சூடிக்கொண்டார். "ஏட்டி, ஊரு என்ன சொல்லும்?" என்றார் அம்மா. "சொல்லட்டும்மா. சொல்லி முடிச்சாவது ஓயட்டும்" என்றார் அக்கா. அப்பா செய்தித்தாளை விலக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, காபி கேட்டார். நாம் அன்று பள்ளிக்குச் சற்று நேரம் கழித்தே சென்றோம். ஊர் சொன்னது; சில வாரம் சொன்னது. இன்னும் முழுதும் ஓய்ந்தபாடில்லை. அக்காவும் பூ வைப்பதை நிறுத்தவில்லை.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. தாமிரவருணி கரைகடந்து வீதிகளில் புகுந்தாள். நமது புறவாசலில் முழங்காலளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்தபோது நித்தியகல்யாணிகள் அனைத்தும் வேரழுகிச் சாய்ந்துகிடந்தன. அக்கா எதுவும் பேசாமல் பிடுங்கிக் குவித்தார். தை பிறந்து வண்டல் காய்ந்தபின் பார்த்தால், சுவரோரம், படிக்கட்டின் வெடிப்பு, துவைகல்லின் அடி எங்கும் நாற்று! முன்பே காய் வெடித்துச் சிதறிய விதைகளை மண் மூடி வைத்திருந்தது.

இப்போது விதை சேர்ப்பதில் அக்கா தேர்ந்தவர். காய் மெல்லியது, இரட்டையாக நிமிர்ந்து நிற்கும். பச்சை மாறி மஞ்சளிக்கும்போதே கிள்ள வேண்டும். ஒரு நாள் பிந்தினால் வெடித்து விதை போய்விடும். தாள் உறையில் இட்டு நிழலில் உலர்த்தி, சில வாரம் கழித்தே விதைக்க வேண்டும். புது விதை உடனே முளைப்பதில்லை. சென்ற வாரம் அத்தை தம் பேத்தியை அனுப்பியிருந்தார், விதை கேட்டு. சிறுமி உறையை வாங்கிக்கொண்டு வாயில்வரை சென்று திரும்பி வந்தாள்.

"ஆச்சி வெள்ளைப் பூ வேண்டாம்னு சொன்னாக. செவப்புதான் வேணுமாம்."

அக்கா இரண்டையும் கலந்து கொடுத்தார்.