எங்கள் கடலில் நடந்த அமெரிக்கப் போர்

அன்புள்ள மச்சான்,

திருக்கோவிலில் பிறந்தவன் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாறு படிப்பிப்பதென்றால் அந்தப் பிள்ளைகளின் பாடு என்னாவது என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளின் பாடு மோசமில்லை. என் வகுப்பில் பாதிப் பேரின் தாய் தகப்பன் எகிப்திலோ, பிலிப்பைன்ஸிலோ, குஜராத்திலோ, டொமினிக்கன் குடியரசிலோ பிறந்தவர்கள். எனக்கு ஜோர்ஜ் வொஷிங்டன் எவ்வளவு அந்நியமோ, அவர்களுக்கும் அவ்வளவுதான். அதனால் இருபக்கமும் சமம்.

இங்கே நடுநிலைப் பள்ளி என்றால் நம்முடைய தரம் 6 முதல் 8 வரை. பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அநியாயம் என்ற ஒன்றைக் கண்டால் உடனே கையை உயர்த்துகிற வயது. முத்திரை வரியைப் படிப்பிக்கும்போது நான் பென்சிலுக்கும் கழிப்பறைக்குப் போவதற்கும் பொய்க் காசில் வரி போடுவேன். பத்து நிமிடத்தில் வகுப்பு கலவரமாகிவிடும். அந்த நாடகத்தை அடிமை வியாபாரத்துக்குப் போடக்கூடாது. போட்ட ஆசிரியர்கள் இந்த நாட்டில் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள், அது சரியும்கூட. ஒரு பிள்ளையை அடிமையாக நடிக்கவைத்து எந்தப் பிள்ளைக்கும் எதையும் விளங்கப்படுத்த முடியாது.

நான் இருக்கிற ஜேர்சி சிற்றியில் வரலாற்றைத் தேடி எங்கேயும் போகத் தேவையில்லை. 1660இல் ஒல்லாந்தர் மரவேலி அடித்து அமைத்த பேர்கன் என்ற ஊர் இந்த நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முன்னால், 1643 பெப்ரவரியில், இதே கரையில் பவோனியா என்ற இடத்தில் அடைக்கலம் தேடி வந்திருந்த லெனாப்பே பூர்வகுடி மக்களை நியூ அம்ஸ்டர்டாம் ஆளுநரின் சிப்பாய்கள் இரவோடு இரவாக வெட்டிக் கொன்றார்கள். எண்பது பேர் என்று அக்காலத்து ஒல்லாந்தர் ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பாடம் முடிந்ததும் ஒரு பையன் கேட்டான்: "சேர், இந்த ஒல்லாந்தர் உங்கட ஊருக்கும் வந்தவங்களா?"

வந்தார்கள் என்றேன். பவோனியாவுக்கு ஐந்து வருஷம் முன்னால், 1638 மே மாதத்தில், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து மட்டக்களப்பில் போர்த்துக்கீசரின் கோட்டையைப் பிடித்தார்கள். ஒல்லாந்தருக்குக் கொம்பனிகள் இரண்டு, கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று. கணக்குப் பார்த்த மூளை ஒன்றே. அன்று உலகப்படத்தில் மட்டக்களப்பின் புளியந்தீவைத் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு நான் மதிப்பெண் கொடுத்தேன். திட்டத்தில் இல்லாத மதிப்பெண்தான்.

மறுகா, தேயிலை. 1773 டிசம்பர் 16இல் பொஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையைத் தொடங்கினாலே, அது உங்கள் நாட்டுத் தேயிலையா என்று யாராவது கேட்கும். இல்லை, சீனத் தேயிலை. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்டது 1867இல். ஆனால் வங்காளத்துக்கு அந்தக் கதையில் பங்குண்டு. 1770ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு கடனில் தத்தளித்த கிழக்கிந்தியக் கொம்பனியைக் காப்பாற்றத்தான் தேயிலைச் சட்டமே வந்தது. இதைப் புத்தகம் ஒரு வரியில் தாண்டிப்போகிறது. நான் தாண்டுவதில்லை.

இனி நான் உனக்கு எழுத வந்த விஷயம். புத்தகத்தில் சுதந்திரப் போர் 1781 ஒக்டோபர் 19இல் யோர்க்டவுனில் முடிகிறது. ஆங்கிலேயத் தளபதி கோர்ன்வாலிஸ் சரணடைகிறார், அடுத்த பக்கத்தில் அரசியலமைப்பு. உண்மையில் போர் அப்போது கடல் கடந்து நம்முடைய பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. எப்படி என்பதை நான் வகுப்பில் நூல் கட்டித்தான் காட்டுவேன். உலகப்படத்தில் ஊசி குத்தி, சிவப்பு நூலை ஊரிலிருந்து ஊருக்கு இழுத்து.

முதல் ஊசி, கரீபியனில் சென் யுஸ்டேஷியஸ் என்ற சின்னத் தீவு. அங்கிருந்த ஒல்லாந்த வியாபாரிகள் அமெரிக்கக் கிளர்ச்சிக்காரருக்கு வெடிமருந்தும் ஆயுதமும் விற்றார்கள். அந்தக் கோபமும் சேர்ந்து 1780 டிசம்பரில் பிரித்தானியா ஒல்லாந்தர்மேல் போர் தொடுத்தது. அடுத்த ஊசி நாகப்பட்டினம்: 1781 நவம்பரில் ஆங்கிலேயர் அதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்தது திருகோணமலை, 1782 ஜனவரி. அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்திருந்த பிரெஞ்சுக்காரர் சுஃப்ரன் என்ற கடற்படைத் தளபதியை ஏற்கெனவே அனுப்பியிருந்தார்கள். அவருக்கும் ஆங்கிலேயரின் எட்வேர்ட் ஹியூஸுக்கும் ஐந்து கடற்சண்டை. சதுரங்கப்பட்டினம், திருகோணமலைக்குத் தெற்கே புரொவிடியன் என்ற பாறைத்தீவு, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர். தமிழ்க் கரையை வடக்கும் தெற்குமாகத் தைத்துவிட்டார்கள்.

புரொவிடியன் சண்டை 1782 ஏப்ரல் 12இல். ஹியூஸிடம் பதினொரு போர்க்கப்பல், சுஃப்ரனிடம் பன்னிரண்டு. யாருக்கும் வெற்றி இல்லை, இருபக்கமும் சின்னாபின்னம். அதன்பிறகு சுஃப்ரன் தன் கப்பல்களைக் கொண்டுவந்து நங்கூரமிட்டது எங்கே தெரியுமா? மட்டக்களப்பில். ஜூன் தொடக்கம் வரைக்கும் அங்கேதான் கப்பலைப் பழுதுபார்த்தார்கள், ஆட்களைத் தேற்றினார்கள். நீயும் நானும் ஆடி அமாவாசைத் திருவிழாக் கடைகளில் சுற்றித் திரிந்த திருக்கோவிலிலிருந்து அது எழுபது கிலோமீற்றர் அளவு. அமெரிக்க சுதந்திரப் போரின் ஒரு முழுக் கப்பற்படை எங்கள் வாசலில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. நமக்குக் கொப்பியில் எழுதித் தந்தது என்ன? திருகோணமலையை ஆங்கிலேயர் பிடித்தனர், பிரெஞ்சுக்காரர் மீட்டனர், ஒல்லாந்தரிடம் திரும்பக் கொடுத்தனர். ஏன் என்று நாமும் கேட்கவில்லை, சேரும் சொல்லவில்லை.

அதே ஏப்ரலில், அந்தச் சண்டைக்கு நான்கு நாள் முன்னால், எங்கள் நியூ ஜேர்சியின் தென்முனையான கேப் மே கடலில் ஒரு சண்டை. பென்சில்வேனியாக்காரரின் சிறிய கப்பலொன்று தன்னைவிடப் பலமான ஆங்கிலக் கப்பலை மடக்கிப் பிடித்தது. அந்தச் சிறிய கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. மைசூர் ஹைதர் அலியேதான்! கரையோரத்து அமெரிக்கருக்கு எதிரியின் எதிரி யாரென்று அப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. இதைச் சொன்ன அன்று, வருஷம் முழுக்க வாயே திறக்காத ஒரு குஜராத்திப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது.

கடைசிச் சண்டை கடலூரில், 1783 ஜூன் 20. அதற்கு ஐந்து மாதம் முன்பே ஐரோப்பாவில் சமாதானத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேருமுன் ஆட்கள் செத்தார்கள். வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் சத்தம் வரும். கைத்தொலைபேசிக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஐந்து மாதத் தாமதம் என்பது கொலைக் குற்றம்.

நியூ ஜேர்சியில் 2022 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது: ஆசிய அமெரிக்கரின் வரலாற்றையும் பாடசாலைகளில் படிப்பிக்க வேண்டும் என்று. நல்ல சட்டம். பெரும்பாலும் அதை ரயில்பாதை போட்ட சீனத் தொழிலாளரிலிருந்து தொடங்குகிறார்கள். நான் 1782இலிருந்து தொடங்குகிறேன். ஒரு தகப்பன் வந்து, "இது சோதினைக்கு வருமா?" என்று கேட்டார். வராது என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும், நம்மூர் ஓ.எல். பெற்றோரை நான் இங்கேயும் விட்டுப் பிரியவில்லை.

ஆனால் ஒன்று, மச்சான். இந்த நூலை இழுப்பது பெருமைக்காக அல்ல. சுதந்திரம், சமத்துவம் என்று பிலடெல்பியாவில் எழுதின அதே காலத்தில் பேர்கன் பக்கத்து ஒல்லாந்தப் பண்ணைகளில் அடிமைகள் வேலை செய்தார்கள். நியூ ஜேர்சி 1804இல் ஒரு சட்டம் போட்டது: அந்த ஜூலை 4க்குப் பிறகு பிறக்கும் அடிமைப் பிள்ளைகளில் பெண்ணுக்கு 21 வயதில், ஆணுக்கு 25 வயதில் விடுதலை. அதுவரை உழைக்க வேண்டும். மட்டக்களப்பு வாவியோரத்தில் நின்றவர்களையோ, கடலூரில் வீடிழந்தவர்களையோ எந்தப் பேச்சுவார்த்தையிலும் யாரும் கேட்கவில்லை. லெனாப்பேயையும் கேட்கவில்லை. போரை ஜேர்சிக்குள்ளேயே வைத்துப் படிப்பித்தால் அது அரசனுக்கும் விவசாயிக்கும் நடந்த வழக்கு. கடலைச் சேர்த்தால்தான் கொம்பனிகளின் பங்குச் சண்டை தெரிகிறது. இரண்டும் உண்மை; பன்னிரண்டு வயதில் இரண்டையும் தாங்கலாம்.

யோர்க்டவுனில் தோற்ற கோர்ன்வாலிஸுக்கு மறுகா என்ன நடந்தது என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். சிறை, தூக்கு, வேலை நீக்கம் என்று ஊகிப்பார்கள். 1786இல் இந்தியாவின் தலைமை ஆளுநர் ஆக்கினார்கள் என்றதும் வகுப்பு கொதிக்கும். 1792இல் ஹைதரின் மகன் திப்புவைத் தோற்கடித்து, அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கிக்கொண்டு போனதையும் சொல்வேன். அந்தப் பிள்ளைகளுக்கு இவர்களைவிடவும் வயது குறைவு.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. என் வகுப்பார் உன் தரம் 9 பிள்ளைகளுக்குச் சில கேள்வி எழுதியிருக்கிறார்கள். அந்த 1782 வெயிலில் சுஃப்ரனின் கப்பல்களுக்கு அரிசியும் மாடும் குடிநீரும் யார் கொடுத்திருப்பார்கள்? காசு கொடுத்தார்களா, பறித்தார்களா? கப்பல்காரரைப் பற்றி உங்கள் அப்பம்மா, மூத்தம்மா சொன்ன கதை ஏதும் உண்டா? நான் பார்த்த நூல்களில் கப்பலின் பெயரும் பீரங்கியின் எண்ணிக்கையும் இருக்கிறது, தண்ணீர் சுமந்தவர் இல்லை. உன் பிள்ளைகள் மட்டும் போதாது. கல்முனையில் படிப்பிக்கிற நம்முடைய நானாவிடமும் சொல்லு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் வீட்டில் விசாரிக்கட்டும். கடலோடு பழகின குடும்பங்கள் அங்கே நிறைய. பதில் தமிழிலேயே வரட்டும், ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி அவர்களை வதைக்காதே. மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. ஜூன் மாதம் இங்கே பள்ளி மூடுமுன் கிடைத்தால் நல்லம்.

அன்புடன்,
உன் மச்சான்